வண்டி தூக்கிப் போடுகிறதா? டயர் வாங்குவதற்கு முன் அறிகுறியைப் பாருங்கள்

செங்கோட்டை, புளியரை வழியாக ஏறி, ஆரியங்காவு, தென்மலை, புனலூர் என்று இறங்கும் சாலை கார் டயருக்கு நல்ல பரீட்சை. தென்காசிப் பக்கம் வெயிலில் காய்ந்த தார். தமிழக-கேரள எல்லையான கோட்டைவாசல் தாண்டினால் ஈரமும் நிழலும். நடுவில் எம்-சாண்டும் காய்கறியும் ஏற்றிய லாரிகள் அழுத்தி அழுத்தி அலை அலையாகிப் போன வளைவுகள். இந்தப் பாதையில் வாடிக்கையாகப் போய்வருகிறவர்கள் வண்டி கொஞ்சம் பழசானதும் சொல்லும் குறை ஒன்றுதான்: "முன்ன மாதிரி இல்ல, தூக்கித் தூக்கிப் போடுது." கிடைக்கும் பதிலும் ஒன்றுதான்: "நாலு டயரையும் மாத்திருங்க அண்ணாச்சி."

டயரை மாற்றினால் தீரும் குறையும் உண்டு, தீராத குறையும் உண்டு. பேரிங் (சக்கரம் உராயாமல் சுழல உதவும் பாகம்) போன வண்டிக்குப் புது டயர் போட்டால் சத்தம் அப்படியே இருக்கும், பணம்தான் போயிருக்கும். அதைவிட மோசம், சொகுசாக இருக்கும் என்று நம்பிப் பெரிய அலாய் வீல் போடுவது. அதில் நடப்பது நேர் எதிர். ஏன் என்று முதலில் சொல்லிவிட்டு அறிகுறிகளுக்கு வருகிறேன்.

முதலில் அந்த எண்ணைப் படியுங்கள்

டயரின் பக்கச் சுவரில் 185/65 ஆர்15 88எச் என்பது போல ஒன்று எழுதியிருக்கும். 185 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில். 65 என்பது பக்கச் சுவரின் உயரம், ஆனால் மில்லிமீட்டர் கணக்கு இல்லை. அகலத்தில் 65 சதவீதம். அதாவது சுமார் 120 மி.மீ. ஆர் என்றால் ரேடியல். 15 என்பது ரிம்மின் குறுக்களவு, அங்குலத்தில். 88 என்பது ஒரு டயர் தாங்கும் எடைக்கான குறியீடு, 560 கிலோ. எச் என்றால் மணிக்கு 210 கி.மீ. வரை தாங்கும் என்று பொருள். டி என்றால் 190.

ஒரே காருக்குப் பொருந்தும் நான்கு அளவுகளை வரிசையாக வைத்துப் பார்ப்போம். ஸ்விஃப்ட் போன்ற காரில் கீழ் மாடலுக்கு 165/80 ஆர்14 வருகிறது, மேல் மாடலுக்கு 185/65 ஆர்15. இவை இரண்டுக்கும் மொத்த உயரம் ஏறக்குறைய ஒன்றே, சுமார் 620 மி.மீ. ஆனால் 14 அங்குல டயரின் பக்கச் சுவர் 132 மி.மீ., 15 அங்குலத்தில் 120. ஆசைப்பட்டு 195/55 ஆர்16 போட்டால் 107. 205/45 ஆர்17 வரை போனால் வெறும் 92. மொத்த உயரம் மாறாமல் ரிம் பெருத்துக்கொண்டே போகிறது, ரப்பர் குறைந்துகொண்டே போகிறது. பள்ளத்தில் விழும்போது முதலில் அமுங்கி அடியை வாங்குவது அந்த ரப்பர் சுவரும் உள்ளே இருக்கும் காற்றும்தான். ஷாக் அப்சார்பரின் வேலை அதற்குப் பிறகுதான் ஆரம்பிக்கிறது. 132 மி.மீ. மெத்தையை 92 ஆக்கிவிட்டு, சொகுசு வரவில்லையே என்று கேட்டால் எங்கிருந்து வரும்?

பெரிய ரிம்முக்கு எடையும் கூடும். அலாய் என்றாலே லேசு என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது. 17 அங்குல அலாய் பல சமயம் 14 அங்குல இரும்பு ரிம்மைவிடக் கனமாகவே இருக்கும். ஸ்பிரிங்குக்குக் கீழே தொங்கும் எடை கூடக் கூட, சக்கரம் மேடு பள்ளத்தோடு ஒட்டி ஓடாமல் அடித்துக்கொண்டு ஓடும்.

சின்னக் கல் ஏறினாலும் முதுகில் தெரிகிறது

அதிகம் கேட்கும் புகார் இது. பெரும்பாலும் காசு செலவில்லாமல் தீர்வதும் இதுதான்.

முதலில் காற்று. பங்கில் காற்றடிக்கும் பையன் "எவ்ளோ வைக்க?" என்பான், நாம் "எல்லாத்துக்கும் 36 வைப்பா" என்போம். அந்த 36 எங்கிருந்து வந்தது? யாரோ ஒருவர் சொன்னது. டிரைவர் கதவைத் திறந்தால் தூணில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். சில வண்டிகளில் பெட்ரோல் மூடியின் உள்பக்கம் இருக்கும். முன்னால் எவ்வளவு, பின்னால் எவ்வளவு, இரண்டு பேர் போனால் எவ்வளவு, ஆள் நிறைய ஏறி டிக்கியும் நிறைந்தால் எவ்வளவு என்று தனித்தனியாகப் போட்டிருப்பார்கள். டயரின் பக்கச் சுவரில் எழுதியிருக்கும் பெரிய எண்ணைப் பார்த்து அடிக்காதீர்கள். அது அந்த டயர் தாங்கும் உச்சம், உங்கள் வண்டிக்கான அளவு அன்று.

காலையில் வண்டி எடுக்கும் முன், டயர் குளிர்ந்திருக்கும்போது பார்க்க வேண்டும். வெப்பம் 10 டிகிரி ஏறினால் காற்றழுத்தம் ஏறக்குறைய 2 பவுண்டு ஏறும். புனலூரிலிருந்து ஏறி வந்து இறங்கிய சூட்டோடு பங்கில் பார்த்தால் 4, 5 பவுண்டு கூடக் காட்டும். அதைப் பார்த்துப் பயந்து காற்றை இறக்கினால் மறுநாள் காலையில் டயர் தொங்கிப் போயிருக்கும். பங்கு மீட்டர்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போவதும் அபூர்வம். சொந்தமாக ஒரு சின்ன கேஜ் வாங்கி வண்டியில் போட்டுவிடுங்கள், சொகுசுக்காகச் செய்யும் செலவுகளில் இதைவிட மலிவு எதுவும் இல்லை. நைட்ரஜன் நிரப்பினால் மெத்தென்று ஓடும் என்பார்கள். நாம் மூச்சு விடும் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான். இலவசமாகக் கிடைத்தால் போட்டுக்கொள்ளுங்கள், அவ்வளவே.

சொகுசுக்காக ஸ்டிக்கரில் உள்ள அளவுக்கும் கீழே இறக்குவது வேண்டாம். ஓரம் தேயும், டயர் சூடேறும், பள்ளத்தில் ரிம் நேரடியாக அடி வாங்கும்.

காற்று சரியாக இருந்தும் முதுகில் தெரிந்தால் அடுத்த சந்தேகம் டயரின் வயது. பக்கச் சுவரில் நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் வருடத்தின் 23-ஆம் வாரம் தயாரானது. பட்டன் (ரோட்டைத் தொடும் ரப்பர் கட்டிகள்) நிறைய இருக்கிறதே என்று பார்க்காதீர்கள். கட்டை விரல் நகத்தால் பட்டனை அழுத்திப் பாருங்கள், புது ரப்பர் கொஞ்சம் கொடுக்கும். கிழவனான ரப்பர் நகத்தைத் திருப்பி அனுப்பும். சுவரில் மயிரிழை வெடிப்புகளும் தெரியும். வீட்டு வாசலிலேயே வெயிலில் நின்று, வாரம் ஒருமுறை மட்டும் ஓடும் கார்களில் இதைத்தான் அதிகம் பார்க்கலாம். ஐந்து வருடம் தாண்டினால் வருடாவருடம் சோதிக்க வேண்டும். நம் ஊர் வெயிலுக்கு ஆறு வருடத்தில் மாற்றிவிடுவதே என் கணக்கு.

புது டயர் போட்ட பிறகுதான் கடினமாயிற்று என்றால், டயரில் எக்ஸ்எல் என்று எழுதியிருக்கிறதா பாருங்கள். அது கூடுதல் எடைக்காகச் சுவரைப் பலப்படுத்திய டயர். காருக்குத் தேவையில்லாத இடத்தில் அதைப் போட்டால் விறைப்பு நிச்சயம். "அண்ணே, ஸ்ட்ராங்கான டயர்" என்று கடையில் தள்ளிவிடுவார்கள். ஸ்ட்ராங்தான், உங்கள் முதுகைவிட.

80-ஐத் தாண்டினால் ஸ்டியரிங் நடுங்குகிறது

80-க்கும் 100-க்கும் நடுவில் நடுங்கி, அதற்கு மேலே போனால் அடங்கினால் அது பேலன்சிங் குறை, அதாவது சக்கரத்தின் எடை சுற்றிலும் சமமாக இல்லை. ஸ்டியரிங்கில் தெரிந்தால் முன் சக்கரம், சீட்டுக்கு அடியில் தெரிந்தால் பின் சக்கரம். முன்னும் பின்னும் மாற்றிப் போட்டால் நடுக்கமும் இடம் மாறும், சந்தேகம் தீர்ந்துவிடும்.

பேலன்சிங் கடைக்குப் போகும் முன் சக்கரத்தின் உள்பக்கத்தை டார்ச் அடித்துப் பாருங்கள். மழையில் மலைப்பாதை ஏறி இறங்கிய வண்டியில் ரிம்முக்கு உள்ளே செம்மண் அப்பிக் காய்ந்து, ஒரு பக்கம் மட்டும் கட்டியாக ஒட்டிக்கொண்டிருக்கும். அந்த மண்ணே போதும், ஸ்டியரிங் ஆட. அதைக் கழுவாமல் மெஷினில் ஏற்றினால் மண்ணுக்குச் சேர்த்து ஈயம் ஒட்டுவார்கள். நான்கு நாளில் மண் உதிரும், நடுக்கம் திரும்பி வரும்.

மெஷின் அருகில் நின்று பார்ப்பதில் தப்பே இல்லை. சக்கரத்தை ஏற்றியதும் கடைக்காரர் ரிம்மின் அளவை மெஷினில் கொடுப்பார். சுற்றி நின்றதும் உள்பக்கம் இத்தனை கிராம், வெளிப்பக்கம் இத்தனை கிராம் என்று இரண்டு எண்கள் வரும். காட்டிய இடத்தில் ஈயத்தை ஒட்டுவார். அதற்குப் பிறகு இன்னொரு முறை சுற்றி, இரண்டு பக்கமும் பூஜ்யம் வர வேண்டும். கூட்டம் இருக்கும் நாளில் இந்த இரண்டாவது சுற்றை விட்டுவிடுவார்கள். "அண்ணே, இன்னொரு தடவை சுத்திக் காட்டுங்க" என்று கேட்டு வாங்குங்கள். பழைய ஈயத்தை எடுக்காமல் அதன் மேலேயே புதுசு ஒட்டுகிறாரா என்றும் பாருங்கள். சுற்றும்போதே ரிம்மின் விளிம்பைக் கவனியுங்கள். விளிம்பு ஓர் இடத்தில் மட்டும் உள்ளே வெளியே போய் வந்தால் ரிம் வளைந்திருக்கிறது. எத்தனை ஈயம் ஒட்டினாலும் அந்த நடுக்கம் போகாது. இரும்பு ரிம்மைத் தட்டி நேராக்கலாம். அலாய் லேசாக வளைந்திருந்தால் சரிசெய்து பார்க்கலாம். விரிசல் விட்டதை வெல்டிங் வைத்து ஓட்டுவதற்கு என் வாக்கு கிடையாது.

இன்னொரு காரணம் வெளியில் வாங்கிய அலாய்க்கு மட்டும் வரும். ரிம்மின் நடுத்துளை காரின் ஹப்பின் (சக்கரத்தை மாட்டும் நடுப்பாகம்) மேல் கச்சிதமாக உட்கார வேண்டும். ஸ்விஃப்டின் ஹப் 54.1 மி.மீ. வெளியில் விற்கும் அலாய்கள் எல்லா வண்டிக்கும் பொருந்தட்டும் என்று 67.1, 73.1 மி.மீ. என்று பெரிதாகக் குடைந்து வரும். இடைவெளியை நிரப்ப ஒரு வளையம் போட வேண்டும். பிளாஸ்டிக்கிலும் கிடைக்கும், அலுமினியத்திலும் கிடைக்கும். கடையில் அதைப் போடாமலே நட்டை முறுக்கி அனுப்பிவிடுவது சகஜம். பேலன்சிங் பூஜ்யம் காட்டும், ரோட்டில் ஆடும். பலர் மாதக்கணக்கில் சுற்றிக்கொண்டிருப்பது இந்தச் சின்ன வளையம் இல்லாததால்தான்.

வண்டி இரண்டு மூன்று வாரம் நின்ற பிறகு முதல் பத்து, பதினைந்து கிலோமீட்டர் மட்டும் அதிர்ந்து, பிறகு தானாகச் சரியானால் கவலை வேண்டாம். ஒரே இடத்தில் நின்று டயர் தட்டையானது, சூடேறினால் உருண்டு வரும்.

மெதுவாகப் போகும்போதே ஆடுகிறது

20, 30 கி.மீ. வேகத்திலேயே வண்டி யானை நடையாக அசைந்தால் ஓரமாக நிறுத்துங்கள். டயருக்குள் இரும்புக் கம்பி அடுக்கு பிரிந்திருக்கலாம். பட்டன் பரப்பில் ஓர் இடம் மட்டும் மேடாகத் தெரியும். ஸ்டெப்னி போட்டுக்கொண்டு வீடு போய்ச் சேருங்கள், அந்த டயர் திரும்ப ஓடக்கூடாது.

பக்கச் சுவரில் எலுமிச்சை அளவுக்குப் புடைத்திருந்தாலும் அதே கதிதான். பள்ளத்தின் விளிம்பில் அடித்தபோது உள்ளே இருக்கும் நூல் இழைகள் அறுந்து, காற்று வெளியே தள்ளுகிறது. பஞ்சர் கடையில் உள்ளே பேட்ச் வைத்துத் தருகிறேன் என்றாலும் ஒப்புக்கொள்ளாதீர்கள். ஓட்டை இல்லை, எலும்பே முறிந்திருக்கிறது.

ஊளைச் சத்தம் வேகத்தோடு கூடுகிறது

டயரா, பேரிங்கா என்று பிரிப்பதுதான் இங்கே வேலை. இரண்டு சோதனை போதும். நல்ல தாரில் போய்க்கொண்டிருக்கும்போது சொரசொரப்பான தாரோ கான்கிரீட்டோ வந்தால் சத்தத்தின் தன்மை மாறுகிறதா? மாறினால் டயர். ரோடு எதுவானாலும் அதே "ம்ம்ம்" என்றால் பேரிங். அடுத்து, ஆள் இல்லாத அகலமான ரோட்டில் லேசாக இடம் வலம் வளைத்துப் பாருங்கள். வலது பக்கம் திருப்பும்போது எடை இடது சக்கரத்துக்குப் போகும். அப்போது சத்தம் கூடினால் இடது பேரிங்கைச் சந்தேகப்படலாம்.

டயர்தான் என்று தெரிந்தால் உள்ளங்கையை பட்டன் மேல் வைத்து முன்னும் பின்னும் தடவுங்கள். ஒரு திசையில் வழவழப்பாகவும், எதிர்த் திசையில் ரம்பப் பல் போலவும் இருந்தால் அலைன்மென்ட் (சக்கரங்கள் நிற்கும் கோணம்) தப்பி ஓடியிருக்கிறது. அலைன்மென்டைச் சரிசெய்து, டயரை முன்பின் மாற்றிப் போட்டால் கொஞ்ச தூரத்தில் சத்தம் தணியலாம். ரொம்பத் தேய்ந்திருந்தால் தணியாது. 8,000, 10,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை முன்பின் மாற்றிப் போட்டு வந்தால் இந்த நிலைக்கே வராது. அங்கங்கே கிண்ணம் கிண்ணமாகக் குழிந்திருந்தால் அலைன்மென்ட் மட்டும் போதாது. ஷாக் அப்சார்பர் சோர்ந்து, சக்கரம் ரோட்டில் துள்ளித் துள்ளி ஓடியிருக்கிறது. அதை விட்டுவிட்டுப் புது டயர் போட்டால் அதுவும் குழியும்.

தேய்மானம் ஒரே மாதிரி இல்லை

நடுப்பகுதி மட்டும் தேய்ந்தால் காற்று அதிகம். இரண்டு ஓரமும் தேய்ந்தால் காற்று குறைவு. ஓர் ஓரம் மட்டும் என்றால் அலைன்மென்ட், இல்லையென்றால் லோயர் ஆர்ம் புஷ் (சக்கரத்தைத் தாங்கும் கையில் இருக்கும் ரப்பர்). மலைப்பாதையிலேயே ஓடும் வண்டிக்கு முன் டயர்களின் வெளி ஓரம் கொஞ்சம் கூடுதலாகத் தேய்வது இயல்பு, அதற்காக அலற வேண்டாம்.

கையை விட்டால் ஒரு பக்கம் போகிறது

நம் ரோடுகள் தண்ணீர் வடிய இடப்பக்கம் சரிந்திருக்கும், நாமும் இடப்பக்கம்தான் ஓட்டுகிறோம். லேசாக இடது பக்கம் போவது ரோட்டின் குணம். சோதிப்பதென்றால் புளியரைக்கு முன்னால் வயல்வெளி நடுவே நேராக ஓடும் இடம் போல, சமமான ரோட்டில் சோதியுங்கள். எஸ் வளைவில் ஏறும்போது சோதித்தால் ஒன்றும் தெரியாது.

அங்கேயும் இழுத்தால் இரண்டு முன் டயரின் காற்றும் ஒன்றா என்று பாருங்கள். அப்புறம் முன் இரண்டையும் இடம் வலம் மாற்றிப் போடுங்கள் (ஒரே திசையில்தான் ஓட வேண்டும் என்று அம்புக்குறி போட்ட டயராக இருந்தால் கூடாது). இழுப்பும் பக்கம் மாறினால் டயர் கோணல். மாறவில்லை என்றால் அலைன்மென்ட். ஓடி நின்றதும் ஒரு சக்கரம் மட்டும் கொதித்தால் பிரேக் பிடித்துக்கொண்டிருக்கிறது, டயர்க் கடைக்குப் போகவே வேண்டாம்.

மேட்டில் இறங்கியும் குதிக்கிறது, கடகடக்கிறது

இது டயர் வேலை இல்லை. வண்டியின் ஒரு மூலையை அழுத்தி விட்டுப் பாருங்கள். ஒருமுறை எழும்பி நின்றால் சரி, இரண்டு மூன்று முறை ஆடினால் ஷாக் அப்சார்பர் ஓய்ந்துவிட்டது. அதன் உடம்பில் எண்ணெய் வழிந்து தூசி அப்பியிருந்தால் சந்தேகமே இல்லை. சின்ன மேடு பள்ளத்தில் கடகட என்றால் லிங்க் ராட், ஸ்ட்ரட் மவுண்ட், லோயர் ஆர்ம் புஷ் என்று வரிசையாகப் பார்க்கச் சொல்லுங்கள். இவற்றை மாற்றினாலே பாதிச் சொகுசு திரும்பிவிடும். வேகத்தடைக்கு வேகத்தடை பேரிகேடும் சேர்த்து வைத்திருக்கும் நம் ஊரில் இவை சீக்கிரமே போகும் சாமான்கள்.

வளைவில் மிதக்கிறது

உயரமான பக்கச் சுவருக்கு நாம் கொடுக்கும் விலை இது. 165/80 டயர் பள்ளத்தில் மெத்தென்று இருக்கும். கழுதுருட்டியில் பதின்மூன்று கண் ரயில் பாலத்தை ஒட்டி வேகமாக இறங்கும்போது வண்டி ஒரு நொடி தாமதித்துத் திரும்புவது போலத் தெரியும். அது பழுது அன்று, குணம். காற்று ஸ்டிக்கர் அளவில் இருந்து, ஷாக் அப்சார்பரும் நன்றாக இருந்தால் கொஞ்சம் மெதுவாகப் போங்கள். தினமும் மலை ஏறுகிறவர், வளைவில் உறுதி வேண்டும் என்பவர் 185/65 ஆர்15-இல் நிற்கலாம். ஊருக்குள்ளும் கிராமத்து ரோட்டிலுமே ஓடுகிறவருக்கு 14 அங்குலம்தான் சுகம். என்னைக் கேட்டால், 16-க்கு மேல் போக இந்தப் பகுதியில் ஒரு காரணமும் இல்லை.

மழையில் வழுக்குகிறது

தென்மேற்குப் பருவமழை அந்தப் பக்கம், குற்றாலச் சாரல் இந்தப் பக்கம், அது முடிந்தால் வடகிழக்குப் பருவமழை; கார்த்திகை பிறந்தால் மழையோடு சபரிமலைக் கூட்டமும். ஆகவே இங்கே ஈரப்பிடிப்பும் சொகுசின் ஒரு பாகம்தான். வழுக்குமோ என்று பயந்து பயந்து ஓட்டினால் எந்த மெத்தையும் உதவாது. பள்ளங்களுக்குள் சின்ன ரப்பர் மேடு இருக்கும், அது 1.6 மி.மீ. பட்டன் அந்த மேட்டுக்குச் சமமாகிவிட்டால் டயர் முடிந்தது. மழைப்பாதையில் ஓடுகிறவர் அவ்வளவு தூரம் காத்திருக்க வேண்டாம், 3 மி.மீ. வந்ததும் யோசிக்க ஆரம்பியுங்கள். தண்ணீரை வெளியே தள்ளப் பள்ளம் போதாமல் டயர் நீரின் மேல் சறுக்கும்.

இரண்டு டயர் மட்டும் வாங்குகிறீர்கள் என்றால் புதுசைப் பின்னால் போடுங்கள். கடையில் "முன்னாடிதான் அண்ணே இழுக்குது, முன்னாடி போடணும்" என்பார்கள். முன் டயர் வழுக்கினால் வண்டி நேராகப் போகும், ஆக்ஸிலரேட்டரை விட்டுச் சமாளிக்கலாம். ஈரமான இறக்க வளைவில் பின் டயர் வழுக்கினால் வண்டியே சுற்றிவிடும், யாராலும் பிடிக்க முடியாது.

சரி, டயர்தான் மாற்ற வேண்டும்

அளவு முடிவாகிவிட்டால் அடுத்தது ரகம். எல்லாக் கம்பெனியிலும் உழைப்புக்கு என்று ஒரு ரகம், சொகுசுக்கு என்று ஒரு ரகம் இருக்கும். சியட் மைலேஸ், அப்போலோ அமேசர் 4ஜி லைஃப் போன்றவை நீண்ட உழைப்பைச் சொல்லி விற்பவை. மிஷெலின் பிரைமசி, பிரிட்ஜ்ஸ்டோன் டுரான்சா போன்றவை அமைதியையும் சொகுசையும் சொல்லி விற்பவை. வருடம் முழுக்க டாக்சி ஓட்டுகிறவர் முதல் வகையை வாங்குவதில் நியாயம் இருக்கிறது. வருடத்துக்கு எட்டாயிரம், பத்தாயிரம் கிலோமீட்டர் ஓட்டும் வீட்டுக்காரர் லட்சம் கிலோமீட்டர் உழைக்கும் டயரை வாங்கி என்ன செய்வார்? தேய்வதற்குள் ரப்பர் கிழவனாகிவிடும். அவர் மெத்தென்ற டயரை வாங்கி, தேயத் தேய அனுபவித்துவிட்டு மாற்றலாம்.

எடைக் குறியீடு ஸ்டிக்கரில் உள்ளதற்குக் குறையக் கூடாது. 88 இருந்த இடத்தில் 85 போட்டால் டயருக்கு 45 கிலோ தாங்கும் சக்தி குறைகிறது. கல்யாணத்துக்கு ஐந்து பேரும் பெட்டியுமாகக் கொல்லம் போகும்போது அது தெரியும். குறியீட்டைத் தேவைக்கு மேல் ஏற்றினாலும் விறைப்புதான் மிச்சம். தயாரித்த வாரத்தையும் கடையிலேயே பாருங்கள், நான்கையும் தனித்தனியாக. தள்ளுபடி விலையில் கிடைக்கும் டயர்களில் ஒன்றிரண்டு குடோனில் தூங்கி எழுந்ததாக இருக்கும்.

புது டயருக்குப் புது வால்வும் போடச் சொல்லுங்கள். ரப்பர் வால்வு சில ரூபாய் சாமான், அதில் கசிந்துதான் பாதிப் பேர் மாதாமாதம் காற்று அடிக்கிறார்கள். முதல் சில நூறு கிலோமீட்டருக்குப் புது டயரின் மேல் ஒரு வழவழப்பு இருக்கும். வாங்கிய அன்றே ஈரமான மலைப்பாதையில் விரட்ட வேண்டாம்.

ரிம்மும் மாற்றுவதென்றால்

சொகுசுக்காக ரிம் மாற்றுவதில் எனக்குப் பிடித்த வழி கீழே இறங்குவதுதான். 16 அங்குல அலாயோடு வந்த காருக்கு, அதே காரின் கீழ் மாடலில் கம்பெனியே கொடுக்கும் 15 அங்குல ரிம்மும் டயரும் வாங்கிப் போடுவது. மாடலை மேம்படுத்த எல்லோரும் கழற்றிப் போடும் இரும்பு ரிம்கள் பழைய சாமான் கடைகளில் மலிவாகக் கிடைக்கும். ஒரே நிபந்தனை, உள்ளே பிரேக் காலிப்பர் (பிரேக் டிஸ்கைப் பிடிக்கும் பாகம்) இடிக்கக் கூடாது. மேல் மாடலுக்குப் பெரிய பிரேக் கொடுத்திருந்தால் சின்ன ரிம் உட்காராது. காசு கொடுக்கும் முன் ஒரு ரிம்மை மாட்டி, கையால் சுற்றிப் பார்த்துவிடுங்கள்.

போல்ட் துவாரங்களின் கணக்கு ஒத்துப்போக வேண்டும். 4×100 என்றால் நான்கு துவாரம், அவை உட்காரும் வட்டம் 100 மி.மீ. ஸ்விஃப்ட், ஐ20, ஹோண்டா சிட்டி எல்லாம் இந்த 4×100-இல் வருபவை. இனோவாவுக்கு 5×114.3. பழைய 4×98 ரிம்மை 4×100-இல் அழுத்தி முறுக்கி மாட்டிவிட முடியும் என்பதுதான் ஆபத்து. மாட்டும், ஆனால் நட்டு கோணலாக உட்கார்ந்து தளர்ந்துகொண்டே இருக்கும். ரிம்மின் உள்பக்கம் ஈடி 45 என்பது போல ஒரு எண் இருக்கும். அந்த எண் குறையக் குறைய சக்கரம் வெளியே தள்ளி நிற்கும். பார்க்க அகலமாக இருக்கும்; ஸ்டியரிங் கனக்கும், பேரிங் சீக்கிரம் போகும், சேறு கதவு வரை தெறிக்கும்.

எல்லை தாண்டிப் போகிறவர்களுக்கு இன்னொன்று. கேரள மோட்டார் வாகனத் துறை வண்டியில் செய்த மாற்றங்களைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுத் தேடும். தயாரிப்பாளர் கொடுத்த அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவை வைத்து உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் தீர்ப்புச் சொன்னது. அந்த வழக்கே கேரளத்திலிருந்து போனதுதான். மட்கார்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும் டயரோடு போனால் ஆரியங்காவிலோ புனலூரிலோ நிறுத்தி விசாரிப்பார்கள் என்று எதிர்பார்த்துக்கொள்ளுங்கள். விபத்து என்று வந்தால் இன்சூரன்ஸ்காரர்களும் அதே கேள்வியைக் கேட்பார்கள். கம்பெனி அந்தக் காருக்குக் கொடுத்திருக்கும் அளவுகளுக்குள் மேலோ கீழோ மாற்றிக்கொண்டால் இந்த வம்பே இல்லை.

மாட்டும்போது நட்டுகளை வரிசையாக முறுக்காமல் எதிரெதிராக முறுக்க வேண்டும். ஏர் கன் வைத்து முழுசாக முறுக்க விடாதீர்கள், கடைசி முறுக்கு கையால்தான். இரும்பு ரிம்மின் நட்டு அலாய்க்குப் பொருந்தாமல் போகலாம், நட்டின் அடிப்பாகம் கூம்பா, உருண்டையா என்று ரிம்மின் குழியோடு ஒப்பிட்டுப் பாருங்கள். நூறு கிலோமீட்டர் ஓடியதும் ஸ்பேனரை எடுத்து எல்லா நட்டையும் ஒருமுறை சரிபாருங்கள், ஒன்றிரண்டு கால் சுற்று திரும்பும். அப்படியே டிக்கியைத் திறந்து ஸ்டெப்னியையும் பாருங்கள். நான்கை மாற்றியவர்கள் ஐந்தாவதை மறந்துவிடுவார்கள். அது பழைய அளவில் இருந்தால், அல்லது கம்பெனியே கொடுத்த ஒல்லி ஸ்டெப்னியாக இருந்தால், 80 கி.மீ. வேகத்துக்கு மேல் போகாமல் அடுத்த பஞ்சர் கடை வரைக்கும்தான் அது.